65 வயதுக்குப் பிறகும் கார் ஓட்ட: உரிமத்தோடு காப்புறுதியையும் பாருங்கள்

65 வயதானால் காரை விட்டுவிட வேண்டும் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சொந்தக் கார் ஓட்டுவோருக்கு அப்படி ஒரு தடை சிங்கப்பூரில் இல்லை. 65 வயதில் மருத்துவப் பரிசோதனை செய்து, வாகனம் ஓட்டத் தகுதியானவர் என மருத்துவர் சான்றளித்தால் 3ஆம் வகுப்பு உரிமம் தொடரும். அதன்பின் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை அதே பரிசோதனை. லாரி, பேருந்து, டாக்சி ஓட்டுநர்களுக்கான விதிகள் வேறு. அவற்றுக்குள் இங்கே போகவில்லை.

பரிசோதனைக்குப் பெரிய மருத்துவமனை தேவையில்லை. பதிவுபெற்ற மருத்துவர் என்றால் உங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் இருக்கும் மருந்தகமே போதும். கட்டணம் நம்முடையது. சிக்கல் வருவது பரிசோதனையில் அல்ல, அதைத் தள்ளிப்போடுவதில். பிறந்தநாள் கடந்து உரிமம் காலாவதியானால், அன்று முதல் நீங்கள் உரிமமின்றி ஓட்டுபவர். அந்தக் குற்றத்துக்கு 10,000 வெள்ளி வரை அபராதமோ மூன்று ஆண்டு வரை சிறையோ விதிக்கலாம், இரண்டும் சேர்ந்தும் வரலாம்.

அதோடு நிற்பதில்லை. செல்லுபடியாகும் உரிமம் உள்ளவர் ஓட்டினால் மட்டுமே காப்புறுதி என்பது கார் பாலிசிகளின் அடிப்படை நிபந்தனை. உரிமம் போனால் காப்புறுதியும் கைவிட்டுப் போகும். காப்புறுதியின்றி ஓட்டினால் 1,000 வெள்ளி வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, 12 மாத ஓட்டுநர் தடை என அது தனிக் குற்றம். விபத்தில் மற்றவருக்குக் காயம் ஏற்பட்டால், சட்டப்படி நிறுவனம் அவருக்கு இழப்பீடு கொடுத்துவிட்டு, அந்தத் தொகையை உங்களிடமே திரும்பக் கேட்கலாம். ஓய்வுக்காலச் சேமிப்பு ஒரே விபத்தில் கரைவது இப்படித்தான்.

பாலிசியில் மூத்தோர் தவறாமல் பார்க்க வேண்டிய சொல் ‘எக்சஸ்’. பழுதுச் செலவில் முதலில் நம் கையிலிருந்து கட்ட வேண்டிய பங்கு அது. பல நிறுவனங்கள் இளம் ஓட்டுநர்களுக்கும் அனுபவம் குறைந்தவர்களுக்கும் விதிப்பதுபோல் குறிப்பிட்ட வயதைத் தாண்டியவர்களுக்கும் கூடுதல் எக்சஸ் விதிக்கின்றன. அந்த வயது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். சந்தா குறைவு என்று மகிழ்ந்து கையெழுத்திடும்முன் அந்த வரியைத் தேடிப் படியுங்கள். முகவர் வேகமாகச் சொல்லிக் கடந்துபோகும் வரியும் பெரும்பாலும் அதுவே.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். பொதுவான எக்சஸ் 600 வெள்ளி, வயதுக்கான கூடுதல் எக்சஸ் 2,000 வெள்ளி, பழுதுச் செலவு 3,000 வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். நிறுவனம் தருவது 400 வெள்ளி. இழப்பீடு கோராமல் இருந்ததற்கான தள்ளுபடியும், அதாவது என்சிடியும், இதனால் இறங்கும். ஆண்டுக்கு 10 விழுக்காடாக ஏறி ஐந்து ஆண்டுகளில் 50 விழுக்காட்டைத் தொடும் என்சிடி, ஒரே ஒரு கோரிக்கையால் 20 விழுக்காடாகிவிடும். தள்ளுபடிக்கு முந்திய சந்தா 2,000 வெள்ளி என்றால், 1,000 வெள்ளி கட்டியவர் அடுத்த ஆண்டு 1,600 வெள்ளி கட்டுவார். 400 வெள்ளி வாங்கப்போய் 600 வெள்ளி இழப்பு.

அதற்காக விபத்தையே மறைத்துவிடக் கூடாது. சிறு கீறலானாலும் 24 மணி நேரத்துக்குள் அல்லது அடுத்த வேலை நாளுக்குள் காப்புறுதி நிறுவனத்திடம் தெரிவிக்க வேண்டும். தெரிவிப்பது வேறு, இழப்பீடு கோருவது வேறு. “பரவாயில்லை அங்கிள், நீங்க போங்க” என்று தேக்கா கார் நிறுத்துமிடத்தில் சிரித்துவிட்டுப் போனவர் ஒரு மாதம் கழித்து இழப்பீடு கேட்கலாம். அப்போது நம் பக்க விவரம் நிறுவனத்திடம் இல்லையென்றால் கோரிக்கையை மறுக்கவோ என்சிடியைக் குறைக்கவோ அதற்கு இடமுண்டு.

நம் குடும்பங்களில் இன்னொரு வழக்கம் உண்டு. அப்பாவுக்கு 50 விழுக்காடு என்சிடி இருப்பதால் பாலிசி அவர் பெயரில் இருக்கும். நாள்தோறும் ஓட்டுவது மகன். படிவத்தில் முக்கிய ஓட்டுநர் என்று அப்பாவைக் காட்டுவார்கள். இது சாமர்த்தியம் அல்ல. தெரிந்த விவரங்களை முழுமையாகவும் உண்மையாகவும் சொல்லாவிட்டால் பாலிசி செல்லாமல் போகலாம் என்ற எச்சரிக்கை அந்தப் படிவத்திலேயே இருக்கிறது. யார் ஓட்டுகிறார்களோ அவர்கள் பெயரையெல்லாம் சேர்த்துவிடுங்கள்.

இனி உடல்நலம். சிங்கப்பூரில் நீரிழிவு நோய் இந்தியர்களிடையே அதிகம் என்பது புதுச் செய்தி அல்ல. ஆனால் அதைக் காரோடு சேர்த்து யோசிப்பவர்கள் குறைவு. இன்சுலின் போடுபவர்களுக்கும் கிளிபிசைட் போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் இரத்தச் சர்க்கரை திடீரென இறங்கலாம். கை நடுங்கும், வியர்க்கும், பிறகு சிந்தனை குழம்பும். விரைவுச்சாலையில் அது சில நொடிகளில் நடந்தால்கூட ஆபத்து. தைப்பூச விரதம், புரட்டாசிச் சனிக்கிழமை, ரமலான் நோன்பு நாள்களில் இன்னும் கவனம் தேவை. விரதம் இருக்கப்போவதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லி மருந்தின் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள்; அன்று சாவியை வேறொருவரிடம் கொடுப்பது அதைவிட நல்லது. காரில் எப்போதும் இனிப்பு இருக்கட்டும். சுகர் இறங்குவது தெரிந்தால் ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்திவிட்டுச் சாப்பிடுங்கள். அளவு சீரான பின்னும் மூளை தெளிய முக்கால் மணி நேரம் ஆகலாம்.

நீரிழிவு கண்ணின் விழித்திரையையும் பாதிக்கும், தொடக்கத்தில் எந்த அறிகுறியும் இல்லாமலே. பலதுறை மருந்தகங்களில் விழித்திரைப் படம் எடுக்கும் வசதி இருக்கிறது. மூன்றாண்டுப் பரிசோதனைக்காகக் காத்திருக்காமல் ஆண்டுதோறும் பார்த்துக்கொள்வது நல்லது. 25 மீட்டர் தள்ளி நிற்கும் காரின் எண் பலகையைப் பகலில் படிக்க முடிகிறதா என்று நீங்களே சோதிக்கலாம். மழை இரவில் எதிரே வரும் விளக்கு கண்ணைக் கூசச் செய்தால் கண்புரையாக இருக்கலாம். உறக்கம் வரவழைக்கும் சளி மாத்திரையைச் சாப்பிட்ட அன்று பேருந்தே போதும்.

எந்தச் சாலை கடினம் என்று கேட்டால் எல்லாரும் விரைவுச்சாலை என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தீபாவளிக்கு முந்திய ஞாயிறு மாலை லிட்டில் இந்தியாவின் குறுகிய தெருக்களில் கார்களுக்கு இடையே புகுந்து கடக்கும் கூட்டம்தான் கவனத்தை அதிகம் கேட்கிறது. அங்கே ஓட்டுவதைவிட ரயிலில் போவது எளிது. அடுத்தது, எதிர்த் திசை வாகனங்களுக்கு இடைவெளி பார்த்து வலப்பக்கம் திரும்புவது. வேகத்தைக் கணிப்பது வயதாக ஆகச் சிரமமாவதால் மூத்தோர் தடுமாறும் இடம் அது. அம்புக்குறி விளக்கு உள்ள சந்திப்பாகப் பார்த்துப் பாதையை மாற்றிக்கொள்ளலாம்.

பக்கவாதத்துக்குப் பிறகோ மறதி தொடங்கிய பிறகோ அப்பா ஓட்டலாமா என்று வீட்டில் வாக்குவாதம் எழுந்தால், பிள்ளைகள் நீதிபதியாக வேண்டியதில்லை. டான் டோக் செங் மருத்துவமனையில் வாகனம் ஓட்டும் திறனை மதிப்பிடும் திட்டம் உள்ளது. மருத்துவரிடம் கேட்டுப் பரிந்துரை பெறலாம். “ஓட்டாதீங்கப்பா” என்று மகள் சொன்னால் கோபப்படும் பலர், சிகிச்சையாளர் சோதித்துச் சொன்னால் ஏற்றுக்கொள்கிறார்கள்.

ஓட்டுவதை நிறுத்த முடிவெடுத்தால், காரை விற்றவுடன் பாலிசியை முறைப்படி ரத்துசெய்து மீதிக் காலத்துக்குப் பணம் திரும்ப வருமா என்று கேளுங்கள். என்சிடி எவ்வளவு என்பதை எழுத்தில் வாங்கி வையுங்கள். அது காரோடு போவதில்லை, பாலிசிதாரருடையது. பொதுவாக இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாவிட்டால் காலாவதியாகும். கணவன் மனைவிக்கிடையே மாற்ற அனுமதிக்கும் நிறுவனங்களும் உள்ளன. அம்மா இன்னும் ஓட்டுகிறார் என்றால், ரத்துசெய்வதற்கு முன்பே இதைக் கேட்டுவிடுங்கள்.