தவளைக் கால் தகராறு

டார்ச் லைட்டில் போடும் பேட்டரிக் கட்டையின் மேல் 1.5 வோல்ட் என்று அச்சிட்டிருக்கும். அந்த 'வோல்ட்' இத்தாலியர் ஒருவரின் பெயரிலிருந்து வந்தது. செத்த தவளையின் காலை வைத்து நடந்த ஒரு சண்டைதான் அவருக்கு அந்தப் பெருமையை வாங்கிக் கொடுத்தது.

18-ஆம் நூற்றாண்டு மின்சாரம் சட்டென வந்து சட்டெனப் போவது. கண்ணாடியைத் தேய்த்து உண்டாக்குவார்கள், லைடன் ஜாடி என்ற கண்ணாடிக் குடுவையில் சேர்த்து வைப்பார்கள். தொட்டால் ஒரு பொறி, ஒரு உதறல், அதோடு ஜாடி காலி.

போலோன்யா நகரில் உடற்கூறு பேராசிரியராக இருந்தவர் லூய்ஜி கால்வானி. அறுத்துவைத்த தவளைக் காலில் இரண்டு உலோகங்களைச் சேர்த்துத் தொட்டால் அது துள்ளுவதைக் கண்டார். உயிரின் உடம்புக்குள்ளேயே மின்சாரம் இருக்கிறது என்று 1791-இல் எழுதினார்.

பாவியா பல்கலைக்கழகத்து அலெசாண்ட்ரோ வோல்டா முதலில் இதை நம்பினார். தானே செய்து பார்த்தபோதுதான் ஒன்று உறுத்தியது: இரண்டும் ஒரே உலோகமாக இருந்தால் துள்ளல் குறைகிறது, வெவ்வேறாக இருந்தால் கூடுகிறது. அப்படியானால் தவளை மின்சாரத்தைத் தரவில்லை, காட்டிக்கொடுக்கிறது! தவளைக்குப் பதிலாகத் தன் நாக்கையே வைத்துப் பார்த்தார். நுனியில் வெள்ளீயத் தகடு, சற்று உள்ளே வெள்ளிக் காசு. இரண்டையும் சேர்த்ததும் புளித்தது. 9 வோல்ட் பேட்டரியை நக்கிப் பார்த்த சிறுவர்களுக்கு அந்தப் புளிப்பு தெரிந்திருக்கும்.

கால்வானி விடவில்லை. உலோகமே இல்லாமல், நரம்பைத் தசையில் தொட வைத்தே காலைத் துள்ள வைத்தார். இன்று இசிஜி எடுக்கும்போது தாளில் ஓடும் கோடு அவர் பக்க நியாயம். ஆனால் வோல்டா பிறகு ஒரு பொருளையே செய்து காட்டினார். சண்டையில் அது பெரிய அனுகூலம்.

வெள்ளி வில்லை, துத்தநாக வில்லை, உப்புத் தண்ணீரில் நனைத்த அட்டை. மறுபடி வெள்ளி, துத்தநாகம், அட்டை. இப்படி அடுக்கிக்கொண்டே போனார். 1800 மார்ச் 20 அன்று லண்டன் ராயல் சொசைட்டிக்கு இதை எழுதி அனுப்பினார். அடுக்கின் இரு முனைகளோடும் இணைத்த உலோகக் கம்பிகளைக் காதுகளுக்குள் வைத்துப் பார்த்து, ஏதோ கொதிப்பதுபோல் சத்தம் கேட்டதாகவும், ஆபத்தாக இருக்கலாம் என்று மறுபடி முயலவில்லை என்றும் அதில் எழுதியிருக்கிறார். நல்லவேளை.

உள்ளே நடப்பது இதுதான். துத்தநாகம் உப்புத் தண்ணீரில் மெல்லக் கரைகிறது. கரையும்போது எலெக்ட்ரான்களை விட்டுவிட்டுப் போகிறது. அவை கம்பி வழியாக மறுமுனைக்குப் போகத் துடிக்கின்றன. அந்தத் தள்ளுதல்தான் மின்னழுத்தம், அளவு வோல்ட். உண்மையில் ஓடுவது மின்னோட்டம், அளவு ஆம்பியர். கம்பி எங்காவது அறுந்திருந்தால் தள்ளுதல் இருக்கும், ஓட்டம் இருக்காது. ஒரு ஜோடி வில்லையின் தள்ளுதல் ஒரு வோல்ட் அளவுக்குத்தான். அடுக்க அடுக்கக் கூடும். மூன்று கட்டை டார்ச்சில் 4.5 வோல்ட் வருவதும் இதே கணக்கில்தான். ஒன்றைத் தலைகீழாகப் போட்டால் அது மற்ற இரண்டையும் எதிர்த்துத் தள்ளும், மிஞ்சுவது 1.5.

கடிதம் போய்ச் சேர்ந்த சில வாரங்களில், லண்டனில் நிக்கல்சன், கார்லைல் என்ற இருவர் வெள்ளி நாணயங்களை வைத்து இதேபோல் அடுக்கி, தண்ணீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரித்துவிட்டார்கள். ஒரு நொடிப் பொறியை வைத்துக்கொண்டு இத்தனை எளிதாக இதைச் செய்திருக்க முடியாது. ஓயாமல் ஓடும் மின்சாரம் வேண்டும். 1801-இல் பாரிஸில் நெப்போலியன் முன்னிலையில் வோல்டா அடுக்கை இயக்கிக் காட்டினார். கால்வானி அதற்குள் இறந்துவிட்டார். நெப்போலியன் அமைத்த குடியரசுக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க மறுத்து வேலையையும் இழந்திருந்தார்.

வென்றவரும் முழுக்கச் சரியில்லை. இரண்டு உலோகங்கள் தொட்டுக்கொண்டாலே போதும், மின்சாரம் வந்துகொண்டே இருக்கும் என்றுதான் வோல்டா நினைத்தார். அது எப்படித் தவறு என்று தெரிய, பரணில் மறந்துபோன டார்ச்சைத் திறந்து பாருங்கள். பழைய கட்டை பொத்துக்கொண்டு ஒழுகியிருக்கும். சாதாரணக் கட்டையின் உறையே துத்தநாகம்தான், கரைந்து தீர்ந்திருக்கிறது.