லயன் காம்பராவில் தனிமை

2020 மார்ச் 20ஆம் திகதி கொவிட் தொற்றினால் இலங்கை முழுவதும் ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டது. முதியவர்கள் தனித்திருக்க வேண்டும் என அறிவுறுத்தினார்கள். தேயிலைத் தோட்டங்களிலோ வேலை நிற்கவில்லை.

அந்நாட்களில் அப்புத்தளைத் தோட்டமொன்றிலிருந்த மூதாட்டி ஒருவருடன் தொலைபேசியில் பேசினேன். "ஏழு பேரு ஒரே காம்பராவுல இருக்கோம். நான் எங்க ஐயா தனியா இருக்கிறது?" என்று கேட்டார்.

பிரித்தானியர் காலத்து லயன் அறை பெரும்பாலும் பத்தடிக்குப் பன்னிரண்டடிதான். மகள் கொழுந்து பறிக்கச் சென்றால் பேரப்பிள்ளைகளைப் பார்ப்பவரும் இவரே. ஒதுங்குவதற்கு இடமுமில்லை, நேரமுமில்லை. கொத்தமல்லித் தண்ணீரும், வாசலில் செருகிய வேப்பிலையும், மாரியம்மனும் அவருக்குத் துணை. நோயைவிட, தப்பொலியும் உறவினரும் இன்றித் தம்மை எரித்துவிடுவார்களே என்பதுதான் அவருடைய அச்சம்.

இம்மக்களுக்குத் தனிமைப்படுத்தல் புதியதன்று. கொலரா, பிளேக் பயத்தினால் இவர்களுடைய முன்னோரை மண்டபம் முகாமில் தடுத்துவைத்துச் சோதித்த பின்னரே கப்பலேற்றினார்கள். தோட்டங்களை நோயிலிருந்து காப்பதற்கு அன்று இவர்களை ஒதுக்கிவைக்க இடமிருந்தது. ஒரு நூற்றாண்டின் பின், இவர்களில் மூத்தவர்களைக் காப்பதற்கு ஓர் அறை இருக்கவில்லை.