மன்னன் மானும் மக்கள் உயிரும்

இடைக்கால இங்கிலாந்திலே வனம் என்பது மரஞ்செறிந்த காட்டை மட்டும் குறித்ததன்று. அரசனுடைய வேட்டைக்கென ஒதுக்கித் தனிச் சட்டத்தின்கீழ் வைத்த நிலம் முழுவதும் வனமே. அதன் எல்லைக்குள் வயல்களும் இருந்தன, ஊர்களும் இருந்தன. 1066ஆம் ஆண்டில் நாட்டை வென்ற நோர்மானிய மன்னன் வில்லியம் புகுத்திய முறை இது.

வனத்திலே மான் அரசனுக்கே உரியது. குடியானவனின் பயிரை அது மேய்ந்தாலும் அவன் அதனைக் கொல்லலாகாது. கொன்றவனின் கண்களைப் பறிக்குமாறு வில்லியம் விதித்தான் என்று ஆங்கிலோ-சக்சன் வரலாற்றேடு கூறுகின்றது. வீட்டைக் காக்கும் நாயும் ஐயத்துக்குரியதாயிற்று. அது மானைத் துரத்தாதிருக்கும்பொருட்டு, அதன் முன்னங்காலில் மூன்று விரல்களைத் தறித்தனர். மான் ஒன்று இறந்து கிடந்தால், கொலையுண்ட மனிதனுக்கு நடப்பதுபோலவே மரண விசாரணை நடைபெறும். அயலிலுள்ள நான்கு ஊரார் வந்து விடையிறுத்தல் வேண்டும்.

இதனால் வருந்தியோர் ஏழைகள் மட்டுமல்லர். தம் நிலங்கள் வனமாக்கப்பட்டமை கண்டு பிரபுக்களும் வெகுண்டனர். 1215இல் ஜோன் மன்னனிடம் மக்னா காட்டா என்னும் மகாசாசனத்தைப் பெற்றபோது, வன எல்லைகளைக் குறைக்கும் விதிகளையும் அதிற் சேர்ப்பித்தனர். அடுத்த மன்னனான மூன்றாம் ஹென்றி சிறுவனாயிருந்த காலத்தில், 1217 நவம்பர் 6ஆம் திகதி, அவன் பெயரால் வனப் பட்டயம் வெளிவந்தது. மானின்பொருட்டு எவனும் உயிரையோ உறுப்பையோ இழத்தலாகாது என்று அது விதித்தது. பொருளுள்ளவன் தண்டம் இறுக்கவேண்டும். இல்லாதவன் ஓராண்டும் ஒரு நாளும் சிறையிலிருக்கவேண்டும். அதன்பின் பிணை நிற்பார் இல்லையெனில், அவன் நாட்டை விட்டே நீங்கவேண்டும்.

ஆயினும், அரசன் அழைக்க வனத்தினூடே வரும் ஆயரும் பிரபுவும் ஓரிரு மான்களைக் கொள்ளலாம் என்றும் அப்பட்டயம் இசைந்தது. காவலன் அருகில் இல்லையாயின் கொம்பு ஊதினாற் போதும்; அது களவாகாது. ஏழைக்கோ ஊதுவதற்கு அத்தகைய கொம்பு இல்லை.

1381இல் குடியானவர் கிளர்ந்தெழுந்தனர். ஒன்பது ஆண்டுகளின் பின், 1390இல், புதியதொரு சட்டம் பிறந்தது. ஆண்டுக்கு 40 ஷில்லிங் வருவாயுள்ள நிலமில்லாத பாமரன் வேட்டைநாய் வைத்திருப்பதே குற்றமாயிற்று. அதற்கு ஓராண்டுச் சிறை. வேட்டையுரிமை நிலவுடைமையோடு பிணைக்கப்பட்டது.

பழைய வனச் சட்டத்தின் எச்சங்களைப் பிரித்தானியப் பாராளுமன்றம் 1971இல் நீக்கியது. வனப் பட்டயம் மானுக்காக மனிதனை ஊனமாக்கும் கொடுமையைத் தடுத்தது. மான் யாருக்கு என்னும் வழக்கையோ அது தீர்த்துவைக்கவில்லை.