நொய்யலும் ஒரு வெள்ளைப் பொடியும்

டைட்டானியம் டை ஆக்சைடு என்றால் ரொம்ப நாள் பெயின்ட்டுக்கு வெண்மை தரும் பொடி, அவ்வளவுதான். நம்ம மணவாளக்குறிச்சி மணலில் இருக்கும் இல்மனைட்டும் அதற்கு மூலப்பொருள். 1972இல் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் அதன்மேல் ஒளியைப் பாய்ச்சித் தண்ணீரைப் பிரித்துக் காட்டினார்கள். பிறகு தெரிந்தது, அது சாயத்தை உடைக்கும், கிருமியைக் கொல்லும். ஜப்பானில் அறுவை அரங்கு ஓடுகளில்கூடப் பூசினார்கள்.

ஒரே சிக்கல்: புற ஊதா ஒளி வேணும். வெயிலில் அது சுமார் 5 சதவீதம்தான். 2001இல் அசாஹி குழுவினர் ஆக்சிஜன் அணுக்கள் சிலவற்றின் இடத்தில் நைட்ரஜனைச் செருகினார்கள். பொடி மஞ்சளானது, கண்ணுக்குத் தெரியும் ஒளியிலும் வேலை செய்தது.

கோயமுத்தூர் வெயிலுக்கு இதைவிட என்ன வேணும்? எங்கள் சிங்காநல்லூரைத் தாண்டிக் கிழக்கே போகும் நொய்யல், திருப்பூரில் சாயத்தண்ணியாக ஓடிய காலம் அது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது.

ஆனால் ஆய்வுக் கட்டுரைகளில் பெரும்பாலும் நிறமிழப்பது பீக்கரில் இருக்கும் மெத்திலீன் ப்ளூ. எங்க துறையில் சொல்வோமே, 'என் மெஷின்ல ஓடுதே' என்று, அந்தக் கதை. பட்டறைக் கழிவில் சாயத்தோடு உப்பும் வரும். உப்பு இந்த வினையையே மந்தமாக்கும்; பொடியால் உப்பைத் தொடவும் முடியாது. நொய்யல் கரை வயல்களைக் கெடுத்ததில் நிறத்தைவிட உப்புக்குத்தான் பங்கு அதிகம். திருப்பூர் கடைசியில் நம்பியது ஆர்.ஓ. சவ்வுகளையும் ஆவியாக்கிகளையும்.