விழாத இலத்திரனும் எலியேசர் என்ற ஈழத்தமிழரும்



கடந்த மார்கழியில் ஒரு இரவு, பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள் பௌதிகப் புத்தகத்தோடு குசினிக்கு வந்தாள். "அப்பா, நேர் மின்னும் எதிர் மின்னும் ஒன்றையொன்று இழுக்குமெண்டால், இலத்திரன் ஏன் கருவுக்குள்ள விழேல்லை?" என்று கேட்டாள்.

நான் ஊரில் உயர்தரத்தில் பௌதிகம் படித்தவன். 1995 ஐப்பசி இடப்பெயர்வோடு கொப்பிகளும் போயின, படிப்பும் போயிற்று. ஆனால் இந்தக் கேள்வி மட்டும் மறக்கவில்லை.

1898 முதல் 1907 வரை இதே கனடாவில், மொன்றியல் மக்கில் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்த றதபோர்ட், பின்னர் மான்செஸ்டர் சென்று, அணுவின் நடுவே சிறிய கரு இருப்பதை 1911இல் அறிவித்தார். அங்கேதான் சிக்கல் தொடங்கியது. சுற்றிவரும் மின்துகள் ஒளியாகச் சக்தியை இழக்க வேண்டும். அப்படியானால், ஒரு செக்கனைப் பத்தாயிரம் கோடி பங்காக்கினால் வரும் ஓரிரு பங்கு நேரத்திலேயே இலத்திரன் கருவில் விழுந்துவிடும். நாமும் இல்லை, இந்த வானொலியும் இல்லை. 1913இல் நீல்ஸ் போர், இலத்திரன் குறிப்பிட்ட சில பாதைகளில் மட்டுமே இருக்கும், அங்கே சக்தியை இழக்காது என்றார். குவாண்டம் பௌதிகம் அதை வளர்த்தெடுத்தது.

கதை அத்தோடு முடிந்தது என்றுதான் எங்களுக்குப் படிப்பித்தார்கள். முடியவில்லை.

துவக்கால் சுட்டால் தோளில் உதைக்கும். அதுபோல ஒளியை வெளிவிடும் இலத்திரனுக்கும் ஓர் உதை கிடைக்க வேண்டும். பருமனே இல்லாத புள்ளியாக இலத்திரனை எடுத்துக்கொண்டு அந்த உதையைக் கணக்கிட, 1938இல் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் டிராக் ஒரு சமன்பாடு தந்தார். அதைச் சோதித்துப் பார்த்தவர் அவரது மாணவர், ஒரு தமிழர். பெயர் கிறிஸ்டி ஜெயரத்தினம் எலியேசர். 1918இல் பிறந்தவர், பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியின் பழைய மாணவர்.

1943இல் அவர் காட்டியது வியப்பானது. ஒரு புரோத்தனை நோக்கி இலத்திரனை நேராக விட்டால், டிராக்கின் சமன்பாட்டின்படி அது போய்ச் சேராது. இடைவழியில் நின்று, திரும்பி, வேகம் கூடிக்கூடி அப்பால் ஓடிவிடும். இழுக்க வேண்டிய இடத்தில் தள்ளுப்படுகிறது! தன் ஆசிரியரின் சமன்பாட்டில் எங்கோ பிழை இருக்கிறது என்பதை மாணவர் கணக்கால் காட்டினார். 1948இல் மாற்றுச் சமன்பாடு ஒன்றையும் முன்வைத்தார். 1991இல் ஃபோர்ட், ஓகானல் என்ற இருவர் வேறு வழியாக அதே இடத்துக்கு வந்தார்கள்.

எலியேசர் 1949இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியரானார். 1959இல் மலாயாவுக்கும், 1968இல் மெல்பேர்ண் லா ட்ரோப் பல்கலைக்கழகத்துக்கும் சென்றார். அவர் அகதியாகப் போனவர் அல்லர். ஆனால் ஆஸ்திரேலியாவில் ஈழத்தமிழருக்காக முன்னின்று உழைத்தார். 2001இல் காலமானார்.

அவர் தொட்ட புதிர் இன்னும் முழுதாக அவிழவில்லை. 2018இல்தான் பிரித்தானியாவில், வலுவான லேசர் ஒளியில் மோதும் இலத்திரன்கள் இந்த உதையால் சக்தி இழப்பதற்கான சான்றுகளை இரண்டு ஆய்வுகள் வெளியிட்டன. இலத்திரனின் திணிவை அளந்திருக்கிறோம். அது ஏன் அந்த அளவு என்பதை இதுவரை எவரும் கணக்கிட்டுச் சொல்லவில்லை.

இதையெல்லாம் சொல்லி முடித்தபோது மகள் கேட்டாள்: "அப்ப இது இன்னும் முடியேல்லையோ?"

"இல்லை" என்றேன்.

அவள் பொறியியல் படிக்க வேண்டும் என்பதே என் விருப்பம். "பௌதிகம் படிச்சா என்ன வேலை கிடைக்கும்?" என்று முதல் கிழமைதான் ஏசியிருந்தேன். அவளோ பல்கலைக்கழக விண்ணப்பத்தில் பௌதிகத்தையே முதலாவதாகப் போட்டாள். எனக்குப் பயமில்லை என்று சொல்லமாட்டேன். ஆனாலும் நான் தடுக்கவில்லை. என் கொப்பி நின்ற இடத்திலிருந்து அவள் எழுதட்டும்.

உங்கள் பிள்ளையும் ஒரு கேள்வியோடு வந்தால், "இது சோதனைக்கு வருமோ?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். கொஞ்ச நேரம் கூட இருந்து யோசியுங்கள்.