நோவை நம்பிய அறைகள்

“ரிப்போர்ட் எல்லாம் கிளியர். உங்களுக்கு ஒண்டுமில்லை.”

நீண்டகால நோவோடு வாழ்கிற ஆட்கள் அடிக்கடி கேட்கிற வசனம் இது. கை முறிந்து மாவுக்கட்டுப் போட்டால் வீடே சுத்தி நிண்டு பார்க்கும். ஆனால் முதுகு நோ, மூட்டு உளைவு, மாதவிடாய் நோ என்று வருசக்கணக்கில இழுபட்டால், கொஞ்ச நாளிலேயே “இவ சும்மா சொல்லுறா” என்ற கதை தொடங்கிவிடும். நாங்களும் எங்கட அம்மம்மாக்களைப் பற்றி அப்படிச் சொல்லியிருக்கிறோம்.

மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கிற நோவை மருத்துவம் நாட்பட்ட நோ என்கிறது. பல நேரங்களில் அதை முழுதாக மாற்ற மருந்து இல்லை. ஆனால் ஒரே வருத்தம் உள்ளவர்கள் ஒன்றாக இருந்து கதைக்கிறபோது ஏதோ ஒன்று இலகுவாகிறது. மருத்துவம் இதை ஏறக்குறையத் தற்செயலாகத்தான் கண்டுபிடித்தது.

1905இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் ஜோசப் பிராட் என்ற வைத்தியர், சானடோரியம் போக வசதியில்லாத காசநோயாளிகளுக்கு வாராந்த வகுப்பு ஒன்று தொடங்கினார். ஓய்வு, நல்ல காற்று, சாப்பாடு பற்றிச் சொல்லிக்கொடுப்பதுதான் அவருடைய நோக்கம். ஒவ்வொருவரும் தங்கள் நாளாந்த நிலைமையை ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு வரவேண்டும். போகப்போக அவர் இன்னொன்றைக் கவனித்தார். வேறுவேறு இனம், வேறுவேறு மதம் என்று இருந்தவர்கள் ஒரே நோயால் கூட்டாளிகளாகி, ஒருவரை ஒருவர் தெம்பாக்கினார்கள். 1930இல் அதே பிராட், உடம்பு வருத்தம் இருந்தும் பரிசோதனையில் காரணம் எதுவும் பிடிபடாத ஆட்களுக்கென்று இன்னொரு வகுப்பைத் தொடங்கினார். “ஒண்டுமில்லை” என்று திருப்பி அனுப்பப்படுகிற ஆட்களுக்கும் அப்போது ஓர் அறை கிடைத்தது.

ஆனாலும் அந்த அறைகளை நடத்தியவர் வைத்தியர்தான். நோவுள்ளவர்களே நடத்துகிற அறைகள் பெருக இன்னும் பல வருசங்கள் எடுத்தன. 1979இல் நோ பற்றி ஆராய்கிற சர்வதேசச் சங்கம், நோ என்பது எப்போதும் அனுபவிக்கிறவருக்கே உரியது, ஒருவர் தனக்கு நோ என்றால் அதை ஏற்கவேண்டும் என்று தன் வரையறையோடு சேர்த்து எழுதியது. அடுத்த வருசமே, பல வருசம் நோவோடு வாழ்ந்த பெனி கவன் என்ற பெண் அமெரிக்க நாட்பட்ட நோச் சங்கத்தைத் தொடங்கினார். 1980இலேயே மில்வோக்கி நகரில் மேரி லூ பால்வெக், கரோலின் கீத் இருவரும் எண்டோமெட்ரியோசிஸ் உள்ள பெண்களுக்கான சங்கத்தை ஆரம்பித்தார்கள். “பொம்பிளைக்கு இது வழமைதானே” என்று தட்டிக்கழிக்கப்பட்ட நோ அது. அந்தச் சங்கம் உறுப்பினர்களின் அனுபவங்களைக் கேள்விக்கொத்துகள் மூலம் சேகரித்து ஆய்வுக்குக் கொடுத்தது. தனி ஆள் சொன்னபோது புலம்பல் என்று கேட்டது, சேர்த்து எண்ணியபோது தரவாக மாறியது.

இதெல்லாம் வெறும் ஆறுதல்தானா, இல்லாட்டி உண்மையிலேயே நோ குறையுதா? இந்தக் கேள்விக்கு விடை தேடியவர்களில் முக்கியமானவர் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தின் கேட் லோரிக். 1970களின் கடைசியில் மூட்டுவாதம் உள்ளவர்களுக்கு இவர் உருவாக்கிய வகுப்பு ஆறு கிழமை நடக்கும், கிழமைக்கு இரண்டு மணித்தியாலம். நடத்துகிறவர்கள் வைத்தியர்கள் இல்லை. பயிற்சி எடுத்த சாதாரண ஆட்கள். பலருக்கு மூட்டுவாதமும் இருந்தது. வகுப்பில் சும்மா இருந்து அழுவதில்லை. “இந்தக் கிழமை மூண்டு நாள் கடைமட்டும் நடப்பன்” என்பதுபோல ஒவ்வொருவரும் சின்ன இலக்கொன்று சொல்லவேண்டும். அடுத்த கிழமை அது நடந்ததா என்று எல்லாரும் கேட்பார்கள்.

நான்கு வருசம் கழித்துப் பார்த்த முடிவுகள் 1993இல் வெளிவந்தன. நோ சராசரியாக 20 வீதம் குறைந்திருந்தது. வைத்தியரிடம் போவது 40 வீதம் குறைந்திருந்தது. ஆனால் அதே காலத்தில் உடல் இயலாமை 9 வீதம் கூடியிருந்தது! உடம்பு இன்னும் ஏலாமல் போனபோதும் நோவின் பிடி தளர்ந்திருந்தது. உடற்பயிற்சி செய்ததால் மட்டும் இது நடந்ததென்று சொல்ல முடியவில்லை. “இதை நான் சமாளிப்பன்” என்ற நம்பிக்கை கூடியவர்களுக்குத்தான் பலன் கூடுதலாகக் கிடைத்திருந்தது. தன்னைப்போல நோவுள்ள இன்னொருவர் சமாளிக்கிறதை நேரில பார்க்கும்போது அந்த நம்பிக்கை வளரும்.

இப்படியான குழு மருந்துக்குப் பதிலாகாது. யாருக்கு நோ கூட என்று போட்டி போடுகிற இடமாகவோ, அதிசய எண்ணெய் விற்கிற இடமாகவோ அது மாறவும் கூடும். இலக்கும் ஒழுங்கும் உள்ள குழுக்கள்தான் உதவியிருக்கின்றன.

எங்கட ஊர்களில் உடம்புக்குள்ள செல் துண்டோட வாழ்கிற ஆட்கள் இன்னும் இருக்கினம். மாரி வந்தால் கூடுகிற உளைவை அவர்கள் பனடோலோடு தனியாகக் கடக்கிறார்கள். எங்களிடம் மாதர் சங்கம் இருக்கு, சனசமூக நிலையம் இருக்கு, கோயில் மண்டபம் இருக்கு. கிழமைக்கு இரண்டு மணித்தியாலம் அந்தக் கதவுகளில் ஒன்றை இவர்களுக்காகத் திறக்க எவ்வளவு செலவாகும்? அதுவரைக்கும் நாங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கு. அம்மம்மா “நோகுது” என்றால், முதலில் நம்புவம்.