வீடு என்றொரு கோப்புறை

1976ஆம் ஆண்டு. அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் ஸ்டீவ் ஜோன்சன் என்ற நிரலாளர் ஒரு காலைப்பொழுதை முழுதாகத் தொலைத்தார். நிரலில் பிழை தேடித் தேடிக் களைத்துப்போனார். கடைசியில் பார்த்தால், பிழையை ஏற்கெனவே திருத்தியிருக்கிறார். திருத்திய கோப்பை மறுபடி தொகுக்கத்தான் மறந்திருக்கிறார். இதைக் கேட்ட அவருடைய சகபாடி ஸ்டுவர்ட் ஃபெல்ட்மன் ‘மேக்’ என்ற கருவியை எழுதினார். எந்தக் கோப்பு மாறியது என்று பார்த்து, அதைச் சார்ந்தவற்றை மட்டும் மறுபடி தொகுப்பது அதன் வேலை. இன்று நாங்கள் பில்ட் கருவி என்று சொல்பவை எல்லாம் இந்தக் குடும்பத்தில் பிறந்தவைதான்.

இந்தக் கருவிகளுக்குள் ‘ஆளுக்கொரு அமைப்பு’ என்ற வசதி எப்படி வந்தது என்பதை உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்காக எழுதி வைக்கிறோம். கேட்கச் சின்ன விடயம். ஆனால் எங்கள் ஊவாப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது.

மேக் கோப்பில் கட்டளை வரிகள் ‘டெப்’ விசையால் தொடங்க வேண்டும். வெறும் இடைவெளி விட்டால் கருவி ஏற்காது. அது தொல்லை என்று ஃபெல்ட்மனுக்குச் சீக்கிரமே விளங்கியது. அதற்குள் ஒரு பன்னிரண்டு பேர் கருவியைப் பாவிக்கத் தொடங்கிவிட்டார்கள். அவர்களுக்கு இடைஞ்சல் வேண்டாமென்று அப்படியே விட்டுவிட்டார். பன்னிரண்டு பேருக்காக விட்ட தொல்லையை இன்றுவரை உலகமே சுமக்கிறது.

அந்தத் தொல்லையில் அலுத்தவர்களில் ஒருவர் ஜேம்ஸ் டங்கன் டேவிட்சன். டொம்கெட் என்ற ஜாவா மென்பொருளைக் கட்டுவதற்காக அவர் எழுதிய கருவிதான் ‘ஆன்ட்’. எறும்பு என்று பொருள். 2000ஆம் ஆண்டு முதல் அப்பாச்சி அமைப்பின் தனி வெளியீடாக வந்தது. அதற்கு மேலதிக நூலகக் கோப்பு ஒன்று வேண்டுமானால், கருவி நிறுவப்பட்ட பொதுக் கோப்புறைக்குள் போடுவதுதான் வழக்கம். பலர் பாவிக்கும் கணினியில் அதற்கு நிர்வாகியின் அனுமதி வேண்டும். ஒருவர் போட்டது எல்லோரையும் பாதிக்கும்.

எங்கள் பாடசாலைக் கணினி ஆய்வுகூடங்களில் படித்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கணினி சில, பிள்ளைகள் பலர், எல்லோருக்கும் ஒரே கணக்கு. காலையில் ஒருவர் விசைப்பலகையை மாற்றினால் மதியம் வருபவர் தடுமாறுவார்.

2003 டிசம்பரில் வந்த ஆன்ட் 1.6 இதற்கு வழி செய்தது. ஒவ்வொரு பயனரின் சொந்தக் கோப்புறைக்குள்ளும் நூலகங்களைத் தேடத் தொடங்கியது. யுனிக்ஸ் உலகில் அந்தச் சொந்தக் கோப்புறைக்கு ‘ஹோம்’, அதாவது வீடு என்றே பெயர். 2005இல் வந்த மேவன் 2 இன்னும் தெளிவாகப் பிரித்தது. திட்டத்தின் விபரம் எல்லோரும் பகிரும் கோப்பில். கடவுச்சொல், ப்ராக்ஸி போன்றவை வீட்டுக் கோப்பில். இயந்திரத்துக்கான பொது அமைப்பும் வீட்டு அமைப்பும் முரண்பட்டால் வீடுதான் வெல்லும்.

இதைப் படிப்பிக்கும்போது தோட்டத்து லயங்கள்தான் எங்களுக்கு நினைவு வரும். பசறை, நமுனுகுலை, தெமோதரைப் பக்கம் தலைமுறை தலைமுறையாகக் கடிதம் வந்தது வீட்டுக்கல்ல, தோட்டக் காரியாலயத்துக்கு. வீட்டுக்கென்று இலக்கமில்லை, முகவரியில்லை. நேர்முகப் பரீட்சைக் கடிதம் திகதி கழிந்த பிறகு கைக்கு வந்த கதையை மலையகத்தில் கேட்காதவர் குறைவு. சொந்த முகவரி இல்லாதவருக்கு எதுவும் பொதுவாசல் வழியாகத்தான் வரும்.

சரி, ஒரு கருவியில் இந்த வசதி இல்லை, நாங்கள் சேர்க்கப் போகிறோம் என்று வையுங்கள். எழுத வேண்டிய நிரல் அதிகமில்லை. வீட்டில் கோப்பு இருக்கிறதா என்று பார், இருந்தால் வாசி, அவ்வளவுதான். கஷ்டம் கேள்விகளில் இருக்கிறது. இரண்டு இடத்திலும் வேறுவேறாக எழுதியிருந்தால் எதை ஏற்பது? கோப்பே வைக்காதவருக்கு நேற்று ஓடியது இன்றும் ஓடுமா? என் கணினியில் ஓடுவது உங்கள் கணினியில் ஓடாவிட்டால் காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? கூகுளின் ‘பேஸல்’ கருவி வீட்டுக் கோப்பை வாசிக்கிறது. அதை வாசிக்காதே என்று சொல்லவும் அதில் ஒரு கட்டளை உண்டு. சொந்த விருப்பம் வேண்டும், அதனால் பொது வேலை கெடவும் கூடாது.

ஆகவே முதலில் யோசனையை எழுதி மற்றவர்களின் கருத்தைக் கேட்க வேண்டும். பிறகு நிரல், அதற்கான சோதனை, விளக்கக் குறிப்பு மூன்றையும் சேர்த்து அனுப்ப வேண்டும். ஏற்றால் சந்தோஷம். திருத்தச் சொன்னால் திருத்தி மறுபடி அனுப்ப வேண்டும். அங்கே உங்கள் ஊரையோ தகப்பனின் தொழிலையோ முதலில் கேட்பதில்லை, எழுதியதைத்தான் பார்க்கிறார்கள்.

இது எட்டாத கனியுமல்ல. 2003இல் சஞ்சீவ வீரவரண முன்னின்று தொடங்கிய லங்கா சொஃப்ட்வெயார் ஃபவுண்டேஷன் வழியாக எங்கள் நாட்டவர்கள் அப்பாச்சித் திட்டங்களுக்குள் நுழைந்தார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு இங்கே எழுதப்பட்ட ‘சஹானா’ என்ற அனர்த்த முகாமைத்துவ மென்பொருள், கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் 2006ஆம் ஆண்டு விருதைப் பெற்றது. கூகுள் சமர் ஒஃப் கோட் திட்டத்தின் முதல் பத்தாண்டுகளில் உலகிலேயே அதிக மாணவர்களை அனுப்பியது மொறட்டுவைப் பல்கலைக்கழகம். பதுளையிலேயே 2005 முதல் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கிறது.

அந்தப் பெயர்ப்பட்டியல்களில் தோட்டத்துப் பிள்ளைகளும் பதுளை நகரத்துப் பிள்ளைகளும் இன்னும் நிறையப் பேர் வரவேண்டும். விளக்கக் குறிப்பில் உள்ள ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தி அனுப்பினாலும் அது பங்களிப்புத்தான். பிள்ளைகளே, அதிலிருந்து தொடங்குங்கள்.